முத்திரை இல்லாத தெர்மாமீட்டர்

விருதுநகர் பஜாரில் ஒரு கிலோ பருப்பு வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பருப்பை அல்ல, தராசை. முள் நேராக நிற்கிறதா, எலெக்ட்ரானிக் தராசு என்றால் பூஜ்யம் காட்டுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேச்சே தொடங்கும். அந்தத் தராசில் அரசாங்க முத்திரை இருக்கும், இருக்க வேண்டும். முத்திரை இல்லாத எடைக்கல்லில் நிறுத்தால் அபராதம். பருப்பு, மிளகாய் வத்தல், எண்ணெய் என்று 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' பத்திரிகைகளில் தனித் தலைப்பாக வரும் அளவுக்கு வியாபாரம் நடந்த ஊர் இது. எடை விஷயத்தில் இந்த ஊர்க்காரர்களை ஏமாற்றுவது கஷ்டம்.

இதே ஊரில் ஒருவர் தெர்மாமீட்டர் வாங்கப் போனால் என்ன நடக்கும்? டப்பாவைப் பிரிப்பார். பட்டனை அழுத்துவார். திரையில் 31.4 என்று நம்பர் வரும். "அட, புள்ளி வச்செல்லாம் காட்டுதே!" பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அந்த 31.4 உண்மையிலேயே 31.4 தானா, இல்லை 29-ஆ, 33-ஆ? யாரும் கேட்பதில்லை. அதில் முத்திரையும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

தெர்மாமீட்டரில் காசு கொடுத்து வாங்க வேண்டியது புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணை அல்ல, சோதித்துப் பார்த்த நம்பிக்கையை. சோதித்துப் பார்த்த முந்நூறு ரூபாய்க் கருவி, சோதிக்காத மூவாயிரம் ரூபாய்க் கருவியை விட உயர்ந்தது. இந்தப் பதிவின் கட்சி அதுதான். மற்றதெல்லாம் அதற்கான வாதம்.

தெர்மாமீட்டர் பற்றிய பேச்சை பீரில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் (யாரும் சிரிக்க வேண்டாம் :-)). வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அளவுக்குத் தெர்மாமீட்டரைப் பற்றிச் சண்டை போடுகிற கூட்டம் உலகத்தில் வேறு கிடையாது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவது மத்திய அரசின் வரியில்லாமல் நடக்கலாம் என்று ஆனது. இங்கிலாந்தில் அதற்கான லைசென்ஸை 1963-லேயே எடுத்துவிட்டார்கள். அங்கே இருக்கிற நம் ஆட்கள் சிலருக்கும் இது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே கதை வேறு. 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கடையில் அரசே விற்கலாம், அடுப்பில் குடிமகன் காய்ச்சக் கூடாது. அந்த முரண்பாட்டை இன்னொரு நாள் திட்டிக்கொள்ளலாம். இப்போதைக்கு பீர் காய்ச்சுகிறவனுக்குத் தெர்மாமீட்டர் ஏன் உயிர் என்பதை மட்டும் பார்க்கலாம், ஏனென்றால் அதே பிரச்சினை சட்டத்துக்கு உட்பட்டே நம் அடுப்படியிலும் இருக்கிறது.

பீருக்கு முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைப்பார்கள். பார்லியில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரை ஆக்கும். இந்த வேலையைச் செய்வது முக்கியமாக இரண்டு நொதிகள். ஒன்றுக்கு 60-இல் இருந்து 65 டிகிரி வரை பிடிக்கும், இன்னொன்றுக்கு 70-ஐ ஒட்டி. 63-இல் வைத்தால் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை நிறையக் கிடைத்து, பீர் லேசாக, வறண்டு, போதை கூடுதலாக வரும். 69-இல் வைத்தால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத பொருட்கள் மிஞ்சி, பீர் கெட்டியாக, லேசான தித்திப்போடு வரும். அதே பார்லி, அதே தண்ணீர், ஆறு டிகிரி வித்தியாசத்தில் இரண்டு வேறு சரக்கு! தெர்மாமீட்டர் மூன்று டிகிரி பொய் சொன்னால், காய்ச்சுகிறவர் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்துகொண்டிருப்பார். தப்பு எங்கே என்று கடைசி வரைக்கும் தெரியாது. பார்லியைத் திட்டுவார், ஈஸ்ட்டைத் திட்டுவார், தெர்மாமீட்டரை மட்டும் சந்தேகப்பட மாட்டார்.

தெர்மாமீட்டர் வருவதற்கு முன்னால் இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி அடங்கித் தண்ணீரில் தன் முகம் தெரியும்போது பார்லியைக் கொட்டினார்கள். நம்ம ஊர் 'பதம்' பார்ப்பது மாதிரியேதான். 1758-இல் மைக்கேல் காம்ப்ரூன் என்கிற ஒரு பீர் தயாரிப்பாளர், இதற்குத் தெர்மாமீட்டரைப் பயன்படுத்த வேண்டும் என்று புத்தகம் போட்டு வாதாடினார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குள், சால்ஃபோர்டில் பீர் ஆலை வைத்திருந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வெப்பமும் உழைப்பும் ஒன்றுதான் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டினான். ஜேம்ஸ் ஜூல். பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே ஜூல்தான். தண்ணீரைத் துடுப்பால் கலக்கினால் சூடு ஏறுகிறது என்று காட்டுவதற்கு அவருக்கு டிகிரியில் மிகச் சின்னப் பங்கு வரை படிக்கக்கூடிய தெர்மாமீட்டர் தேவைப்பட்டது. மான்செஸ்டரில் கருவி செய்துகொண்டிருந்த டான்சரிடம் அதற்காகவே செய்து வாங்கினார். எவ்வளவு சின்ன விஷயத்தை அளக்க முயன்றார் என்றால், 100 மீட்டர் உயர அருவியில் விழும் தண்ணீர் அடியில் வந்து சேரும்போது சுமார் 0.23 டிகிரிதான் கூடுதல் சூடாக இருக்கும். (தேனிலவுக்குப் போன இடத்திலும் அருவிக்குத் தெர்மாமீட்டரோடு போனார் என்று ஒரு கதை உண்டு. பாவம் அந்த அம்மா!) ஒரு டிகிரி அங்கே இங்கே ஆடுகிற இன்றைய மலிவுக் கருவியை அவர் கையில் கொடுத்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பே இல்லை.

காமர்ஸ் மாணவர்களுக்கும் பீருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, பலருக்குத் தெரியாது. பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் தூக்கத்தைக் கெடுக்கும் 'ஸ்டூடண்ட் டி டெஸ்ட்' யாரோ ஒரு மாணவன் கண்டுபிடித்ததல்ல. 1908-இல் அதை எழுதியவர் வில்லியம் கோசெட், டப்ளின் கின்னஸ் பீர் ஆலை ஊழியர். 'ஸ்டூடண்ட்' என்பது அவருடைய புனைபெயர். குறைந்த எண்ணிக்கையில் எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் அவருடைய கேள்வி. அந்தக் கேள்வி கீழே தெர்மாமீட்டரைச் சோதிக்கும்போது திரும்ப வரும்.

சரி, பீரை விட்டு வீட்டுக்கு வரலாம். தயிர்.

பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, 'கை பொறுக்கும் சூட்டில்' உறை ஊற்ற வேண்டும் என்று எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். இது ஏதோ குத்துமதிப்பு என்று நினைத்தால் தப்பு. மனிதத் தோலில் சூட்டை 'வலி' என்று மூளைக்குச் சொல்லும் ஒரு வாயில் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் போனால்தான் அது திறக்கும். அதைக் கண்டுபிடித்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தயிர்க் கிருமிகளுக்குச் சௌகரியமான சூட்டின் மேல் எல்லையும் கிட்டத்தட்ட அதே இடம்தான். அதாவது அம்மாவின் விரல் 43 டிகிரிக்கு இயற்கையே அளவு குறித்துக் கொடுத்த கருவி. இன்னொரு வேடிக்கை, அந்த வாயிலை அவர் கண்டுபிடித்தது மிளகாயின் காரப் பொருளை வைத்து. மிளகாய்க் காரமும் சுடுபாலும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. ஆகவே மிளகாய் வத்தல் கிள்ளிய கையோடு பால் சூடு பார்க்கக் கூடாது. கை 'சுடுது' என்று முன்கூட்டியே பொய் சொல்லும். விருதுநகரில் பிறந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியென்றால் தெர்மாமீட்டர் எதற்கு, விரலே போதுமே? நியாயமான கேள்வி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெர்மாமீட்டரால் இல்லை. விறகடுப்பு முன்னால் நின்று கரண்டி கிண்டுகிறவரின் கண்ணும் கையும்தான் அங்கே கருவி. சாத்தூர் சேவு போடுகிறவர் எண்ணெயில் ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பார், அது மேலே வரும் வேகத்தில் அவருக்குப் பதில் கிடைத்துவிடும். இருபது வருஷம் நின்றவருக்குத் தெர்மாமீட்டர் கொடுப்பது பறவைக்கு விமான டிக்கெட் கொடுப்பது மாதிரி.

ஆனால் அந்த இருபது வருஷம் எல்லோரிடமும் இல்லை. நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனிடம் இல்லை. ஹாஸ்டல் அறையில் இண்டக்ஷன் அடுப்பு வைத்துத் தயிர் போட முயலும் கல்லூரி மாணவனிடம் இல்லை. விரல் 43-ஐத்தான் சொல்லும், 65-ஐச் சொல்லாது. பாலைக் கிருமி நீக்க 63 டிகிரியில் அரை மணி நேரம் வைக்க வேண்டும் என்றால் விரலை வைத்துச் சோதிக்க முடியாது (முயற்சி செய்ய வேண்டாம்). அங்கேதான் கருவி வேண்டும். கருவி வேண்டும் என்று முடிவானால், எந்தக் கருவி என்ற கேள்வி வரும்.

பழைய ஆட்கள் பாதரசம் என்பார்கள். "பழைய மெர்குரி மாதிரி வருமா?" வராதுதான். ஆனால் சமையலறையில் பாதரசம் வேண்டவே வேண்டாம். இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. ஒருமுறை உடைந்தால் குண்டு குண்டாக ஓடித் தரை இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆவியாகிக்கொண்டே இருக்கும். காய்ச்சல் தெர்மாமீட்டரைச் சுடுபாலில் விட்டால் அதன் அளவு 42-உடன் முடிந்துவிடுவதால் கண்ணாடியே வெடித்துவிடலாம்.

அதன் முழு விலை என்னவென்று தமிழ்நாட்டுக்கு நன்றாகவே தெரியும். கொடைக்கானலில் 1980-களின் தொடக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்து இயந்திரங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கியது, பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பெரும்பாலும் ஏற்றுமதி. வெளிநாட்டுக் குழந்தைகளின் காய்ச்சலைப் பார்க்க நம்ம மலையில் பாதரசம் ஊற்றினார்கள். 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடப்பது வெளியே வந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. வேலை செய்தவர்களின் போராட்டம் அதோடு முடியவில்லை. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் பரவிய பிறகுதான் ஊர் உலகம் மறுபடி திரும்பிப் பார்த்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மூடிய நாளில் இருந்து எண்ணினால் பதினைந்து வருஷம். ஒரு காமர்ஸ் மாணவன் இதை எந்தக் கணக்கில் எழுதுவான்? தெர்மாமீட்டரின் அடக்க விலையில் கண்ணாடி வந்தது, பாதரசம் வந்தது, கூலி வந்தது. பாம்பார் சோலைக் காடு வரவில்லை.

பாதரசத்தைக் குறைக்கும் மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018-இல் அதை உறுதி செய்தது. ஆகவே பாதரசத்தைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதைப் பார்க்கலாம்.

சிவப்புத் திரவம் ஓடும் கண்ணாடிக் குச்சி விலை குறைவு, பேட்டரி வேண்டாம். ஆனால் அடிக்கடி அந்தச் சிவப்புக் கோடு நடுவில் உடைந்து இடைவெளி விழும். விழுந்த பிறகு அது காட்டுவதெல்லாம் கற்பனை. கண்ணாடியில் ஒரு வளையக் கோடு கீறியிருந்தால் அது வரைக்கும் முங்க வேண்டும் என்று அர்த்தம். நுனியை மட்டும் தொட்டுவிட்டுப் படித்தால் குறைவாகக் காட்டும். அதைக் கவனித்துப் படிக்கிறவர் நூற்றில் ஒருவர்.

வட்ட முகம், முள், நீளக் கம்பி உள்ளது அடுத்தது. பார்க்க நன்றாக இருக்கும். இதன் கம்பிக்குள் சுருளாக ஓர் இரட்டை உலோகப் பட்டை இருக்கிறது, சூட்டை உணர்வது நுனி மட்டும் அல்ல, நுனியில் இருந்து ஐந்து சென்டிமீட்டர் வரைக்கும். டம்ளர் பாலில் இரண்டு சென்டிமீட்டர் முக்கினால் பாதி பாலையும் பாதி காற்றையும் சேர்த்துச் சராசரி சொல்லும். ஒருமுறை கீழே விழுந்தால் முள் இடம் மாறிவிடும். நல்ல விஷயம், பல கருவிகளில் முகத்துக்குப் பின்னால் ஒரு நட்டு இருக்கும். அதைத் திருப்பி முள்ளைச் சரி செய்துகொள்ளலாம்.

இனி எல்லோரும் வாங்குவது: டிஜிட்டல். இங்கேதான் பெரிய ஏமாற்று.

திரையில் 65.3 என்று வந்தால், கருவிக்கு 0.3 வரை தெரியும் என்று மனசு நம்பிவிடுகிறது. திரை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுகிறது என்பது வேறு, உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது வேறு. 'கே' வகைத் தெர்மோகப்பிள் என்று போட்டிருந்தால், அந்தக் கம்பிக்குச் சாதாரணத் தரத்தில் அனுமதிக்கப்பட்ட பிழையே இரண்டு டிகிரிக்கு மேல். அதன் மேல் 0.1 வரைக்கும் எண் காட்டுவது, "தோராயமா ரெண்டு லட்சத்து நாப்பத்து மூணாயிரத்து நூத்தி பதினேழு ரூபா அறுபது பைசா" என்று மதிப்பீடு கொடுப்பது மாதிரி. தோராயத்தில் பைசா எங்கிருந்து வந்தது? பிளாட்டினம் வைத்த 'பி.டி. 100' உணரியில் முதல் தரத்துக்குப் பிழை பூஜ்யத்தில் 0.15 டிகிரி, 65 டிகிரியில் கிட்டத்தட்ட 0.3. பீர்க்காரர்கள் அதற்காகத்தான் சில ஆயிரம் செலவழிக்கிறார்கள். தயிருக்கும் இட்லி மாவுக்கும் அது தேவையில்லை. தெர்மிஸ்டர் வைத்த சாதாரணச் சமையல் குச்சி போதும். டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு ஒரு எண் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் சரக்கு. முன்னால் பெரிய எழுத்தில் போட்டிருப்பது விளம்பரம். பின்னால் அந்த எண்ணே இல்லை என்றால், எடை போடாத மூட்டைக்கு விலை பேசுவது மாதிரி.

துப்பாக்கி மாதிரி நீட்டுகிற அகச்சிவப்புக் கருவி பற்றியும் ஒரு வார்த்தை. 2020-இல் கொரோனா வந்தபோது கடை, பேங்க், கல்லூரி வாசல் எல்லா இடத்திலும் நெற்றிக்கு நீட்டினார்கள். அலை ஓய்ந்ததும் அவையெல்லாம் அலமாரியில் கிடக்கின்றன, சிலர் பால் சூடு பார்க்க எடுக்கிறார்கள். நெற்றிக்குச் செய்த கருவி மனித உடம்புச் சூட்டு எல்லைக்குள்தான் வேலை செய்யும், அதைத் தாண்டினால் வெறும் எழுத்துதான் வரும். தொழிற்சாலைக்கான துப்பாக்கி என்றாலும், பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரத்தின் மேல் நீட்டினால் பாத்திரத்தின் சூட்டை விட அதில் பிரதிபலிக்கும் கூரையின் சூட்டைத்தான் அதிகம் படிக்கும். கொதிக்கிற பாத்திரம் நாற்பது டிகிரி என்று காட்டும்! பால் மேற்பரப்பில் நீட்டினால் ஓரளவு சரி, ஆனால் மேற்பரப்பு ஆவியாகிக்கொண்டிருப்பதால் உள்ளே இருப்பதை விடக் குளிர்ந்திருக்கும். கலக்கிவிட்டுப் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும் வீட்டுக்கு வந்த முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஐஸ்.

ஒரு டம்ளர் நிறைய ஐஸை நொறுக்கிப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, இரண்டு மூன்று நிமிஷம் விட வேண்டும். ஐஸ் மிதந்து, அடியில் தண்ணீர் தனியாக நின்றால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். குச்சியின் நுனி டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாமல் நடுவில் நிற்க வேண்டும். 0 காட்ட வேண்டும். விருதுநகர்ப் பக்கத்து போர் தண்ணீர் உப்பு என்றால், அதில் செய்த ஐஸ் சரியாக 0-இல் உருகாது. லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு இருந்தால் சுமார் 0.1 டிகிரி கீழே இறங்கும். அடுப்படிக்கு அது பெரிய விஷயமில்லை, ஆனாலும் கேன் தண்ணீரில் ஐஸ் வைத்தால் அந்தச் சந்தேகமும் போச்சு.

பிறகு கொதிநீர். விருதுநகர் கடல் மட்டத்தில் இருந்து சுமார் நூறு மீட்டர் உயரம், ஆகவே தண்ணீர் 99.6 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். கொடைக்கானலில் இதே சோதனையைச் செய்தால் 93 பக்கம்தான் வரும், அங்கே கருவியைக் குறை சொல்லக் கூடாது.

இப்போது கோசெட்டுக்கு வரலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து, ஐந்து தடவை. ஒரு கருவி ஐந்து முறையும் 2.1, 2.0, 2.1, 2.2, 2.1 என்று காட்டுகிறது. இன்னொன்று 0.0, 1.4, -0.9, 0.6, -1.1 என்று காட்டுகிறது. சராசரி பார்த்தால் இரண்டாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில். பரீட்சையில் அதற்குத்தான் மார்க் கொடுக்கத் தோன்றும். ஆனால் வாங்க வேண்டியது முதலாவதை! அது எப்போதும் இரண்டு டிகிரி கூடுதலாகச் சொல்கிற ஒழுங்கான பொய்யன். கொதிநீரிலும் அதே இரண்டு கூடுதலாகக் காட்டினால், ஒரு துண்டுக் காகிதத்தில் 'கழிக்க 2' என்று எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. கடைத்தெருவிலும் அப்படித்தானே, எப்போதும் ஐந்து ரூபாய் கூட்டிச் சொல்கிறவரோடு வியாபாரம் செய்துவிடலாம், நாளுக்கு ஒரு விலை சொல்கிறவரோடு முடியாது. இரண்டாவது கருவிக்குக் காகிதம் ஒட்ட வழியே இல்லை.

இன்னும் ஒரு வழி, பலருக்குத் தோன்றாதது. வீட்டில் ஏற்கெனவே ஒரு துல்லியமான கருவி இருக்கிறது: டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர். நல்ல தயாரிப்பு என்றால் 37-ஐ ஒட்டிய எல்லையில் 0.1 டிகிரி பிழைக்குள் இருக்கும். தயிருக்கு வேண்டிய சூடும் அந்தப் பக்கம்தானே! ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். காய்ச்சல் கருவி 42-க்கு மேல் தாங்காது, அதனால் தண்ணீர் 40-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் தயிருக்கா என்று கேட்கலாம். தயிர் கெட்டால் ஒரு லிட்டர் பால் போச்சு, அவ்வளவுதான். ஆனால் இந்த மாவட்டத்தில் சூடு என்பது தயிர் விஷயம் மட்டும் இல்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் மே மாதத்தில் பட்டாசு ஷெட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வேறு அர்த்தம். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். தெர்மாமீட்டர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்வது பொய். உராய்வையும் அளவுக்கு மீறிய ஆளையும் சரக்கையும் தெர்மாமீட்டர் தடுக்காது. ஆனால் அலுமினியத் தூளும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால், அது யாரும் தொடாமலே மெல்லச் சூடாகும் என்பது வேதியியல். மிச்ச மருந்தை ராத்திரிக்கு வைக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப்பட்ட இடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் தெர்மாமீட்டர் மூன்று டிகிரி குறைத்துக் காட்டினால், அது இல்லாமலே இருப்பது மேல். இல்லாத இடத்தில் மனுஷன் தன் உடம்பு வேர்ப்பதை நம்புவான். பொய்க் கருவி இருக்கும் இடத்தில் "இன்னும் முப்பத்தெட்டுதான், வேலையைப் பாரு" என்று சொல்ல மேஸ்திரிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும்.

அதை எங்கே மாட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். வெயில் அடிக்கிற சுவரில் ஆணி அடித்தால் சுவரின் சூட்டைக் காட்டும். வானிலைத் துறை தன் தெர்மாமீட்டரைத் தரையில் இருந்து நாலடி உயரத்தில், காற்றுப் புகும் வெள்ளைப் பெட்டிக்குள் வைப்பது அதனால்தான். செல்போனில் காட்டும் டிகிரி ஊருக்கான கணிப்பு. தகரக் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வைக்கத் தெரிந்த அரசாங்கம், குறைந்தபட்சம் தொழில் நடக்கும் இடங்களில் மாட்டுகிற தெர்மாமீட்டருக்கும் ஒரு ஐஸ் டம்ளர் சோதனையாவது கேட்கலாம். செலவு ஒரு ட்ரே ஐஸ். இன்ஸ்பெக்டர் வரும்போது கடைக்காரரோ ஃபோர்மேனோ கண்ணெதிரில் செய்து காட்டினால் போதும், பெரிய ஆய்வகச் சான்றிதழெல்லாம் பிறகு.

அரசாங்கம் செய்கிற வரைக்கும் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஆரம்பிக்கலாம். விருதுநகரில் ஒரு சாதாரண குண்டு பல்பு வாங்கினால்கூட ஹோல்டரில் போட்டு எரியவிட்டுக் காட்டிவிட்டுத்தான் தருவார்கள், அதுவும் கேட்காமலே. தெர்மாமீட்டர் விற்கிற மேஜை மேலும் ஒரு பிளாஸ்கில் நொறுக்கின ஐஸ் இருக்கட்டும். "அண்ணாச்சி, ஐஸ்ல வச்சுக் காட்டுங்க" என்று பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்கு அண்ணாச்சியே வைத்துக் காட்டுவார்.